‘டிரிக் ஆர் முறுக்கு’: பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுப்போம்

2024 அக்டோபர் 31ஆம் தேதி எங்கள் வீட்டில் ஒரே நாளில் இரண்டு கொண்டாட்டங்கள். காலையில் தீபாவளி, மாலையில் ஹாலோவீன். இரண்டுக்கும் நடுவே, மறுநாள் நண்பகலுக்குள் பல்கலைக்கழகத்தில் நான் ஒப்படைக்க வேண்டிய கட்டுரை ஒன்று பாதியில் நின்றது.

ஹாலோவீன் எந்த ஆண்டும் அக்டோபர் 31தான். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் அக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையே நகர்ந்துகொண்டே இருக்கும். 2022ல் அக்டோபர் 24. 2023ல் நவம்பர் 12. 2024ல் இரண்டும் ஒரே தேதியில் வந்து விழுந்தன. சில வீடுகளில் இது ஒரு வேடிக்கையாக முடிந்திருக்கலாம். எங்கள் வீட்டில் சண்டையாகத் தொடங்கியது. அந்தச் சண்டையில் காலையில் நான் ஒரு பக்கம் நின்றேன். இரவில் அந்தப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குடும்பத்தைச் சொல்லிவிடுகிறேன். உட்லண்ட்சில் எங்களுடையது நான்கறை வீவக வீடு. அம்மாவும் நானும் அதில் இருக்கிறோம். அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் இரண்டு புளோக் தள்ளி இருக்கிறார்கள். அக்கா தாதி. அத்தானுக்கு விமான நிலையத்தில் வேலை. மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் பொது விடுமுறை கிடையாது. அதனால் பண்டிகை நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்விக்கு விடை எப்போதும் ஒன்றுதான்: சித்தி. அதாவது நான். மூத்தவளுக்கு 8 வயது. தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். சின்னவனுக்கு 5 வயது. பாலர் பள்ளி.

என் அப்பா 2023 ஜூன் மாதம் காலமானார். அதனால் அந்த ஆண்டு எங்களுக்குத் தீபாவளி இல்லை. 2024ல்தான் அவர் இல்லாமல் நாங்கள் கொண்டாடிய முதல் தீபாவளி.

தீபாவளியே பார்க்காத பிள்ளை

சண்டையின் காரணம் சின்னவன். “எனக்கு தீபாவளி வேணாம், ஹாலோவீன் போதும்” என்று அக்டோபர் முதல் வாரத்திலேயே அறிவித்துவிட்டான்.

அம்மாவுக்கு மனம் நொந்துபோனது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் 2019ல் பிறந்தவன். அந்த ஆண்டுத் தீபாவளியின்போது கைக்குழந்தை. 2020, 2021 இரண்டு ஆண்டும் கிருமித்தொற்றுக் கட்டுப்பாடு. வீட்டுக்கு எத்தனை பேர் வரலாம் என்பதற்கே வரம்பு இருந்தது. 2022ல் காய்ச்சலில் படுத்திருந்தான். 2023ல் துக்கம். அவனுக்கு நினைவு தெரிந்து ஒரு தீபாவளிகூட முழுமையாக வரவில்லை.

ஹாலோவீன் அப்படியில்லை. பாலர் பள்ளியில் ஆரஞ்சு நிறத் தாளில் பூசணிக்காய் வெட்டி ஒட்டுகிறார்கள். கடைத்தொகுதிகளில் செப்டம்பர் முடிவதற்குள் வௌவால்கள் தொங்குகின்றன. வகுப்புத் தோழன் ஒருவன் கொண்டோமினியத்தில் வசிக்கிறான். அங்கே மாலையில் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கலாம் என்று அழைப்பும் வந்துவிட்டது. எங்கள் உட்லண்ட்சிலேயே உட்குரோவ் பக்கத்துத் தரைவீடுகள் இதற்குப் பேர்போனவை. அருகில் அமெரிக்கப் பள்ளி இருப்பதால் அங்கே அமெரிக்கக் குடும்பங்கள் அதிகம். அவர்கள் வீட்டு வாசல்களில் ஹாலோவீன் மாலையில் கூடும் கூட்டத்தில் நம் வீவகப் பிள்ளைகளும் பலர். இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை.

ஆக, அவன் தெரிந்த பண்டிகையைக் கேட்டான். தெரியாத பண்டிகையை வேண்டாம் என்றான். ஐந்து வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அவன் கேட்ட கேள்வி

தீபாவளிக்கு முதல் நாள் இரவு அப்பாவுக்குப் படையல் போட்டோம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வீடுகள் பலவற்றில் இருக்கும் வழக்கம் இது. அப்பாவுக்குப் பிடித்த ஆட்டிறைச்சிக் குழம்பு, வறுத்த மீன், ஒரு குவளை கோப்பி ஓ, புது வேட்டி, சட்டை. வாழையிலையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, நாங்கள் வெளியே சற்று நேரம் காத்திருந்தோம்.

அப்போது சின்னவன் என் கையைப் பிடித்து இழுத்தான். “சித்தி, தாத்தா இப்ப கோஸ்ட்டா? நாளைக்கு ஹாலோவீனுக்கு வருவாரா?”

எனக்குப் பதில் வரவில்லை. அக்கா வேறு பக்கம் பார்த்தார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

அவன் கேட்டதில் குறும்பு எதுவும் இல்லை. அவனுக்குச் செத்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது ஹாலோவீன் மட்டும்தான். நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஏழாம் மாதத்தில் புளோக்குக்குக் கீழே சீன அண்டைவீட்டார் தாள் எரிப்பதைப் பார்த்திருக்கிறான். கெத்தாய் நிகழ்ச்சியில் முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்த்து, “அங்க யாரு உட்காருவாங்க?” என்று ஒருமுறை கேட்டான். “சும்மா இரு” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கேட்டபோதெல்லாம் அவனுக்குக் கிடைத்த பதில் அதுதான்.

காலை முதல் மாலை வரை

தீபாவளியன்று விடியற்காலை 5.30 மணிக்கு அம்மா எல்லாரையும் எழுப்பி எண்ணெய் வைத்தார். ஆறு மணிக்குச் சின்னவன் குளியலறையில் அழுதான், சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது. ஏழு மணிக்கு ஜிப்பா போட மாட்டேன் என்று அழுதான். அவனுக்கு எலும்புக்கூட்டு உடைதான் வேண்டும். கறுப்புத் துணியில் வெள்ளை எலும்புகள். இருட்டில் ஒளிரும். “நல்ல நாளும் அதுவுமா எலும்புக்கூடு போட்டுக்கிட்டு சாமி கும்பிடுவியா?” என்று அம்மா கேட்டார். அவன் “ஆமா” என்றான்.

எட்டரைக்குக் கோயில். பத்து மணிக்கு உறவினர் வரத் தொடங்கினர். பன்னிரண்டு மணிக்கு அக்கா பிற்பகல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். அத்தான் அதிகாலையிலேயே போய்விட்டிருந்தார். மூத்தவள் சூனியக்காரியின் தொப்பியைக் காணோம் என்று வீட்டைக் கலைத்துப் போட்டாள். நான் ஒரு கையில் ரசகுல்லாத் தட்டும் இன்னொரு கையில் மடிக்கணினியுமாக அலைந்தேன்.

பெரியப்பா வந்தபோது சின்னவன் எலும்புக்கூட்டு உடையைக் கையில் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் பெரியப்பா கொதித்தார். “இது யாரு வீட்டுப் பண்டிகை? இப்படியே போனா அடுத்த தலைமுறைக்குத் தீபாவளின்னா என்னன்னே தெரியாது. தமிழும் போச்சு, பண்டிகையும் போச்சு.”

அவர் சொன்னதை நான் ஆமோதித்தேன். அவருடைய கவலை பொய்யான கவலையும் இல்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கே 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010ல் அது 3.3 விழுக்காடு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் சண்டை போடுகிறார்கள். நானும் அக்காவும்கூடப் பாதி நேரம் அப்படித்தான்.

ஆனால் பெரியப்பா போன பிறகு நான் ஒன்றைக் கவனித்தேன். காலையிலிருந்து அந்தப் பிள்ளைகளிடம் நாங்கள் சொன்னவை என்னென்ன? தொடாதே. ஓடாதே. சட்டையை அழுக்காக்காதே. கும்பிடு. பெரியப்பாவுக்கு வணக்கம் சொல்லு. சத்தம் போடாதே. இன்னும் கொஞ்சம் சாப்பிடு. அந்த அறைக்குப் போய் ஐபேட் பாரு. நான் எண்ணிப் பார்த்ததில், “இதைச் செய்” என்று சொல்லி ஒரு பொருளை அவர்கள் கையில் கொடுத்தது ஒருமுறைகூட இல்லை. விளக்கு சுடும் என்று நாங்களே ஏற்றினோம். கோலம் கலைந்துவிடும் என்று கடையில் வாங்கிய ஒட்டுக்கோலத்தை நானே ஒட்டினேன். முறுக்கில் பாதி அம்மா சுட்டது, மீதி தேக்காவில் வாங்கியது. இரண்டிலும் பிள்ளைகளுக்கு வேலை இல்லை.

புது உடை அணிந்த விருந்தாளிகளாகத்தான் அவர்கள் தங்கள் வீட்டுத் தீபாவளியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் ஒரு பிள்ளை

ஆறரை மணிக்கு அந்தக் கொண்டோமினியத்துக்குப் போனோம். அம்மா வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “எட்டு மணிக்குள்ள வந்துடுங்க, நாளைக்குப் பள்ளிக்கூடம்” என்று மட்டும் சொன்னார்.

அங்கே நடந்ததை அழகாக வருணிக்க எனக்கு ஆசைதான். உண்மையில் பெரும்பகுதி அமளி. போன பத்தாவது நிமிடம் சின்னவனுக்குக் கழிவறை போக வேண்டியிருந்தது. எலும்புக்கூட்டு உடை தலையிலிருந்து கால் வரை ஒரே துணி. முதுகில் ஸிப். அதைக் கழற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மூத்தவளின் தொப்பி மின்தூக்கிக் கதவில் மாட்டிக்கொண்டது. மழை வேறு தூறத் தொடங்கியது.

ஆனால் ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். காலையில் பெரியப்பாவுக்கு வணக்கம் சொல்லச் சொன்னால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த பையன், முன்பின் தெரியாத வீட்டு வாசலில் தானே போய் அழைப்புமணியை அழுத்தினான். கதவு திறந்ததும் நிமிர்ந்து நின்று, சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொன்னான். மிட்டாய் வாங்கினான். நன்றி சொன்னான். அடுத்த வீட்டுக்கு ஓடினான். பூசணிப் படம் ஒட்டிய கதவுகளை மட்டுமே தட்ட வேண்டும், மற்றவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற விதியை அக்காவின் மகள் ஒருமுறைதான் சொன்னாள். அவன் ஒரு கதவிலும் தவறவில்லை.

ஹாலோவீன் அவனை எப்படி மாற்றியது? மிட்டாய் என்று சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் அன்று மிட்டாய்க்கும் பலகாரத்துக்கும் குறைவே இல்லை. நான் பார்த்த வரையில், அந்த மாலை அவனுக்கு மூன்று பொருள்களைக் கொடுத்தது: கையில் ஒரு பை, வாயில் ஒரு வாக்கியம், தட்டுவதற்கு ஒரு கதவு. அவன் அங்கே விருந்தாளியாக இல்லை. அவன் இல்லாவிட்டால் அந்தப் பண்டிகையே நடக்காது. அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

இது தற்செயலாக வந்ததும் இல்லை. ஹாலோவீனின் வேர் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் கெல்டிக் மக்கள் கொண்டாடிய சம்ஹைன் என்ற பண்டிகையில் இருப்பதாகச் சொல்வார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் இரவு அது. இறந்தவர்கள் அன்று வந்துபோவதாக நம்பிக்கை. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் அந்த வழக்கத்தைக் கொண்டுபோனபோது கிழங்கின் இடத்தைப் பூசணிக்காய் பிடித்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஊர்களில் ஹாலோவீன் இரவு என்றாலே தலைவலி. இளையர்கள் வேலிகளைப் பிடுங்கினார்கள், சன்னல்களை உடைத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் வெறும் தடை போட்டால் பயனில்லை என்று கண்டார்கள். விருந்தும் வேடமும் ஊர்வலமும் ஏற்பாடு செய்து, பிள்ளைகளுக்குச் செய்வதற்கு வேறொன்றைக் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் இனிப்புக் கேட்கும் வழக்கம் அந்தச் சூழலில்தான் அங்கே பரவியது. அதாவது, பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையை உண்டாக்கினார்கள்.

மீதமிருந்த தட்டுகள்

எட்டேகாலுக்கு வீடு திரும்பினோம். சாப்பாட்டு மேசையில் ஐந்து எவர்சில்வர் தட்டுகள் அப்படியே இருந்தன. முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, மேலே மெல்லிய தாள். அண்டைவீட்டாருக்குக் கொடுக்க வேண்டியவை.

அம்மா சொன்னார்: “யாருக்கும் நேரமில்ல. நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

எங்கள் வீட்டில் அந்தத் தட்டுகளைக் கொண்டுபோவது அப்பாவின் வேலை. தீபாவளியன்று காலை பத்து மணிக்கு முன்பே எங்கள் மாடியிலும் மேல் மாடியிலும் கொடுத்து முடித்திருப்பார். தொடக்கநிலை ஐந்து வரை நானும் அவருடன் போவேன். ஒரு தட்டு என் கையில் இருக்கும். உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது. கைத்தொலைபேசியும் வந்துவிட்டது. “வர்றியாம்மா?” என்று அப்பா ஒவ்வோர் ஆண்டும் கேட்டார். நான் ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒன்றைச் சொல்லித் தப்பித்தேன். கடைசியாக அவர் கேட்டது 2022ல். தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்றேன். படிக்கவில்லை.

அம்மா செம்பவாங் பக்கம் கம்பத்தில் வளர்ந்தவர். அவர் சிறுபிள்ளையாக இருந்தபோது பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பிள்ளைகளின் வேலை என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மலாய் வீடு, சீன வீடு, தமிழ் வீடு எதுவானாலும் தட்டு வெறுமையாகத் திரும்பி வராதாம். கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தருவார்களாம். அந்த வேலையைப் பிள்ளைகள் விட்டபோது அப்பா எடுத்துக்கொண்டார். அப்பா போனபோது அது யாருடைய வேலையும் இல்லாமல் போய்விட்டது.

எலும்புக்கூடு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றது. “நான் கொடுக்கிறேன்,” என்றான் சின்னவன். “எனக்குக் கதவு தட்டத் தெரியும்.”

அம்மா அவனைப் பார்த்தார். உடையைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் காலையில் அவன் போட மறுத்த ஜிப்பாவை எடுத்து வந்து, எலும்புக்கூட்டுக்கு மேலேயே மாட்டிவிட்டார். “முகமூடிய மட்டும் கழட்டுடா. மனுசங்க வீட்டுக்குப் போறோம்.”

‘தீபாவளி வாழ்த்துகள், இது எங்க பாட்டி செஞ்ச முறுக்கு’ என்று அவனுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். மூத்தவள் தட்டைப் பிடிக்க, அவன் மணியை அழுத்தினான். முதல் வீடு எதிர்வீட்டு மக்சிக். கதவு திறந்ததும் மாலைப் பழக்கத்தில் அவன் வாயிலிருந்து வந்தது: “டிரிக் ஆர் முறுக்கு!”

மக்சிக் சிரித்த சிரிப்பில் அவருடைய பேரப்பிள்ளைகள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாவது வீட்டில் வாக்கியத்தில் பாதியைச் சொன்னான். மூன்றாவதில் முழுதும் சொன்னான். நான்காவது வீடு மேல் மாடியில் இருக்கும் சீன அங்கிளுடையது. அவர் தட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், சற்று நேரம் பேசவில்லை. பிறகு குனிந்து சின்னவனிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: உன் தாத்தா ஒவ்வோர் ஆண்டும் இங்கேதான் வந்து நிற்பார், உள்ளே வரச் சொன்னால் இன்னும் மூன்று வீடு பாக்கி என்பார், போன வருஷம் அவர் வராதது எனக்கு என்னவோபோல் இருந்தது. உள்ளே போய் ஒரு பை ஆரஞ்சுப் பழங்களைக் கொண்டுவந்து தட்டில் வைத்தார்.

மின்தூக்கியில் சின்னவன் கேட்டான்: “தாத்தா இங்கல்லாம் வந்தாரா?”

“ஆமா. எல்லா வீட்டுக்கும்.”

“அப்ப தாத்தா கோஸ்ட் இல்ல. தாத்தா முறுக்கு குடுக்கிறவரு.”

முதல் நாள் இரவு எனக்குக் கிடைக்காத பதிலை அவனே கண்டுபிடித்துவிட்டான். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அதை அப்படியே சொன்னான். அம்மா அவன் தலையைத் தடவிவிட்டு, ஆரஞ்சுகளில் ஒன்றை எடுத்து அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்தார்.

நம் பங்கு என்ன?

ஹாலோவீனில் எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஒரே மாலை அணிந்துவிட்டு அலமாரிக்குள் போகும் நெகிழி உடைகள், பல்லுக்கும் உடம்புக்கும் ஆகாத அளவு மிட்டாய், சின்னப் பிள்ளைகளை உண்மையாகவே பயமுறுத்தும் அலங்காரங்கள் எல்லாம் அதில் உண்டு. சமயக் காரணங்களுக்காக அதைக் கொண்டாடாத குடும்பங்களும் இங்கே பல. அவர்களுடைய முடிவை மதிக்க வேண்டும். விருப்பமில்லாத வீட்டில் அதைப் புகுத்தத் தேவையில்லை.

ஆனால், “இது நம் பண்டிகை இல்லை” என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கு முன், “நம் பண்டிகை” என்று நாம் சொல்வதில் அந்தப் பிள்ளைக்கு இடம் வைத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியப்பாவின் கவலைக்கு ஹாலோவீனைத் தடுப்பது மருந்து ஆகாது. அன்று மாலை அவர்களை நான் வீட்டிலேயே உட்காரவைத்திருந்தால் தமிழும் வளர்ந்திருக்காது, தீபாவளியும் வளர்ந்திருக்காது. ஐபேட்டின் மின்கலம்தான் தீர்ந்திருக்கும். மாறாக, ஐந்து வாசல்களில் ஐந்து முறை ஒரு தமிழ் வாக்கியத்தைச் சொன்னதில் அவனுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. நான் எந்தப் பயிற்சித்தாளை வைத்தும் அதைச் சாதித்ததில்லை.

இதை நான் என் வயதினருக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். உயர்நிலைப் பள்ளியிலும் தொடக்கக்கல்லூரியிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இருக்கும் நாம் நடுவில் நிற்பவர்கள். பெற்றோருக்கும் அக்கா, அண்ணன்மார்களுக்கும் வேலைப்பளு. தாத்தா பாட்டிகளுக்கு உடம்பு முடியவில்லை. பண்டிகை நாளில் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நாம்தான். அப்போது நம் கையிலும் ஒரு திரை, அவர்கள் கையிலும் ஒரு திரை. வெட்கம் என்று நான் விட்டுவிட்ட வேலையை எடுத்துக்கொள்ள ஐந்து வயதுப் பையன் தயாராக நின்றான். அவனிடம் யாரும் கேட்காததுதான் குறை.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. பலகாரத் தட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து, நாம் பின்னால் நடந்தால் போதும். சொல்ல ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுப்போம், தவறாகச் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். கோலத்தில் ஒரு மூலையை அவர்களுக்கு விடுவோம், கலைந்தால் கலையட்டும். முறுக்கு அச்சைப் பிழிய ஒரு முறையாவது விடுவோம். படையல் போடும்போது அது யாருக்கு, அவர் எப்படிப்பட்டவர், அவருக்கு ஏன் கோப்பி ஓ என்று சொல்லுவோம். இறந்தவர்களைப் பற்றி நாம் பேசாவிட்டால், அவர்களைப் பற்றிய முதல் பாடத்தைக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூடு எடுத்துவிடும்.

அன்றிரவு ஒன்பதரைக்கு அக்கா சீருடையோடு வந்தபோது பிள்ளைகள் இருவரும் சோபாவில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜிப்பாவுக்குள்ளிருந்து எலும்புகள் மெல்ல ஒளிர்ந்தன. நான் கட்டுரையை விடியற்காலை மூன்று மணிக்கு முடித்தேன். அது எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

2025ல் தீபாவளிக்குரிய தேதி அக்டோபர் 20. ஹாலோவீனுக்கு 11 நாள் முன்னதாக. இரண்டும் மோதிக்கொள்ளாது. மேல் மாடியில் இன்னும் இரண்டு வீடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சின்னவன் பட்டியல் போட்டிருக்கிறான். அதில் ஒரு தட்டு என் கையில் இருக்கும்.